பழைய கார்களின் முன்சட்டம்: எந்தப் பாகத்துக்கு எந்தப் பெயர்?

வாசகர் கேள்வி – பதில்

பழைய கார்களைப் புதுப்பிப்பது குறித்து வந்திருக்கும் கடிதங்களில் பல, ஒரே சந்தேகத்தில் வந்து நிற்கின்றன. வண்டியின் முன்பக்கச் சட்டத்தில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் எந்தப் பெயரால் கேட்டு வாங்குவது, எந்தப் பெயரால் பில்லில் எழுதச் சொல்வது என்பதே அந்தச் சந்தேகம். அந்தக் கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: என் தந்தையார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பல ஆண்டுகளாகத் தோட்டத்துச் சாளையில் நிற்கிறது. கோவையில் ஒரு பட்டறையில் ‘முன் கட் மாற்ற வேண்டும்’ என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் ‘பிரண்ட் பிரேம் போய்விட்டது’ என்கிறார்கள். வெளிநாட்டு உதிரிபாக வியாபாரியோ ‘அவுட்ரிகரா, டரட்டா, எது வேண்டும்’ என்று கேட்கிறார். இவை அனைத்தும் ஒன்றுதானா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஒன்றல்ல. ‘முன் கட்’ என்பது ஒரு பாகத்தின் பெயரே அல்ல. பழைய இரும்புக் கடையில் வண்டியை எப்படி வெட்டிப் போட்டார்கள் என்பதைச் சொல்லும் பேச்சு வழக்கு, அவ்வளவுதான். ‘பிரண்ட் பிரேம்’ என்பதும் பொதுப்பெயர். வியாபாரி கேட்ட இரண்டு மட்டுமே குறிப்பான பாகங்களின் பெயர்கள். அவையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பாகங்கள்.

பெயரைத் தேடுவதற்கு முன்னால் வண்டி எந்த வகைச் சட்டத்தின் மேல் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கார்களில் மூன்று வகைகள் உண்டு. முதல் வகையில், சேஸி தனியாகவும் பாடி தனியாகவும் இருக்கும். நட்டுகளைக் கழற்றினால் பாடியை மேலே தூக்கிவிடலாம். ஜீப்பும், 1930களின் பெரும்பாலான கார்களும் இவ்வகை. இரண்டாவது வகையில் சேஸி என்று தனியாக எதுவும் கிடையாது. தரைத் தகடு, பக்கத் தகடு, கூரை எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த கூடே எடையைத் தாங்குகிறது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் இவ்வகை. மூன்றாவது வகையில், பின்பாதி இப்படிக் கூடாக இருக்க, முன்பாதிக்கு மட்டும் ஒரு தனிச்சட்டம் போல்ட்டில் மாட்டப்பட்டிருக்கும். 1967இல் வந்த செவ்ரோலெட் கமாரோ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. முதல் வகையில் சரியாக இருக்கும் ஒரு பெயர் இரண்டாவது வகையில் பொருளற்றுப் போகும் என்பதால், ‘எந்த வண்டி’ என்று கேட்காமல் பெயர் சொல்பவரின் விலைப்பட்டியலைக் கையில் வாங்காமலிருப்பது நல்லது.

ஹெரால்டு முதல் வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் 1959இல் அறிமுகமாகி, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தால் 1961 முதல் தயாரிக்கப்பட்ட இந்த வண்டிக்கு, அக்காலத்தின் மற்றச் சிறிய கார்கள் கூடு வகைக்கு மாறிக்கொண்டிருந்தபோதும், தனிச் சேஸியே வைக்கப்பட்டது. அதன் இரண்டு நீளச் சட்டங்கள் ஏணிபோல வெளியோரத்தில் ஓடுவதில்லை. வண்டியின் நடுவில் நெருங்கி ஓடி, முன்னும் பின்னும் விரிகின்றன. ஆகவே பாடியின் ஓரங்களைத் தாங்குவதற்கு, நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் தேவைப்பட்டன. அவையே அவுட்ரிகர். டரட் என்பது வேறு. முன்சக்கரத்தின் காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மேலே சென்று முட்டும் கோபுரம் போன்ற தாங்கி அது. சேஸியின் மேல் போல்ட்டால் மாட்டப்பட்டது.

உங்கள் வண்டியில் துருப்பிடித்திருப்பது பெரும்பாலும் அவுட்ரிகராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் சக்கரம் வாரி அடிக்கும் சேறு வந்து தங்கும் இடம் அதுதான். வால்பாறை, நீலகிரி எஸ்டேட்டுகளில் ஓடிய வண்டியானால் சந்தேகமே வேண்டாம். முன்கதவுக் கீலுக்கு நேர் கீழே, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் அவுட்ரிகர் போய்விட்டது. நடுச் சட்டத்தை அழுத்தும்போது கணகணவென்று சத்தம் கேட்டால் அது நன்றாக இருக்கிறது. அவுட்ரிகரை மட்டும் தனியாக வாங்கிப் பற்றவைக்க முடியும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வெட்டி எடுத்தால் பாடி தன் அளவை இழந்து கதவுகள் பொருந்தாமல் போகும் என்பதால், ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

‘முன் கட்’ யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். ஹெரால்டின் பானெட்டும் இரு பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பவை. பாடியின் மற்றப் பகுதிகளும் போல்ட்டில் கழன்று வருபவை. ஸ்பேனர் போட்டால் கையோடு வரக்கூடியதைக் கேஸ் கட்டர் கொண்டு வெட்டுவதை வேலை என்று சொல்ல முடியாது.

கேள்வி: எங்களிடம் உலகப்போர்க் காலத்து டிஸ்போசல் ஜீப் (ராணுவம் கழித்து விற்றது) ஒன்று உள்ளது. முன் பம்பருக்குப் பின்னால் சட்டத்தின் நுனி ஒரு பக்கம் மடங்கியுள்ளது. ‘சேஸிக் கொம்பு மடங்கிருச்சுங்க, வெட்டிட்டுப் புதுசு வெச்சு ஒட்டிக்கலாமுங்க’ என்கிறார் மெக்கானிக். என்னிடமுள்ள ஆங்கிலேயப் புத்தகத்தில் அந்த இடத்துக்கு ‘டம்ப் அயர்ன்’ என்று போட்டிருக்கிறது. எது சரி?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வதே இந்த வண்டிக்குப் பொருத்தமானது. நீளச் சட்டம் முதல் குறுக்குச் சட்டத்தைத் தாண்டி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை அமெரிக்கர்கள் ‘பிரேம் ஹார்ன்’ என்பார்கள். நம் பட்டறைகளில் வழங்கும் கொம்பு அதுதான். ஆங்கிலேயர்கள் சொல்லும் டம்ப் அயர்ன் அதைவிடக் குறுகிய பொருள் கொண்டது. நீளச் சட்டத்தின் முன்நுனி கீழ்நோக்கி வளைந்து, அதன் முனையிலேயே பட்டை ஸ்பிரிங்கின் முன் கண் (நுனியில் சுருட்டிய வளையம்) மாட்டப்பட்டிருந்தால்தான் அது டம்ப் அயர்ன். ஆகவே டம்ப் அயர்ன் எல்லாம் கொம்புதான். ஆனால் கொம்பு எல்லாம் டம்ப் அயர்ன் ஆகாது.

ஃபோர்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் டி தொடங்கி 1948 வரை, ஃபோர்டு கார்களின் முன் ஸ்பிரிங் வண்டிக்குக் குறுக்காக, முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் மாட்டப்பட்டிருந்தது. கொம்பின்மேல் ஸ்பிரிங்கின் பாரம் கிடையாது, பம்பர் மட்டும்தான். 1932ஆம் ஆண்டு ஃபோர்டில் இரு கொம்புகளுக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பி போடப்பட்டிருக்கும். அதன் பெயர் ‘ஸ்பிரெடர் பார்’. அதைக் குறுக்குச் சட்டம் என்று எழுதி ஆர்டர் கொடுத்தால், எஞ்சினையும் ஸ்பிரிங்கையும் தாங்கும் கனத்த பாகம் ஒன்று வீட்டு வாசலில் வந்து இறங்கும்.

ஜீப்பில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள், அதாவது ஸ்பிரிங்கின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பு, முன்பக்கத்தில், கொம்பின் அடியில் இருக்கிறது. ஆகவே உங்கள் வண்டியில் கொம்பு பம்பர் தாங்கி மட்டும் அல்ல. முன்சக்கரத்தின் பாரத்தையும் சுமக்கிறது. மடங்கியதை அப்படியே விட்டால் ஒரு பக்க ஸ்பிரிங் கோணலாக நின்று வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வெட்டுவதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். போர்க்கால ஜீப்புகள் வில்லிஸ் நிறுவனத்தின் எம்.பி., ஃபோர்டு நிறுவனத்தின் ஜி.பி.டபிள்யூ. என இரு இடங்களில் தயாராயின. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்து முதல் குறுக்குச் சட்டத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: வில்லிஸில் அது உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த பள்ளச் சட்டம். வில்லிஸின் வரிசை எண் இடது கொம்பின் உள்பக்கத்தில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். ஃபோர்டின் எண் இடது நீளச் சட்டத்தின் மேற்பரப்பிலேயே குத்தப்பட்டிருக்கும். உங்களுடையது வில்லிஸாக இருந்து, மடங்கியது இடது கொம்பாக இருந்தால், வெட்டிப் போடும் துண்டோடு வண்டியின் அடையாளமும் இரும்புக் கடைக்குப் போய்விடும். எண்ணைப் படம் பிடித்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். முடிந்தவரை வெட்டாமலும் சூடேற்றாமலும், ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து நிமிர்த்தப் பார்ப்பது நல்லது.

கேள்வி: நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். நாங்கள் லாங் மெம்பர், கிராஸ் மெம்பர், கசட் என்று நேராகச் சொல்வதை, கார்க்காரர்கள் ஏன் வேறு வேறு பெயர்களில் சொல்கிறார்கள்?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: உங்கள் பெயர்களே சரியான பெயர்கள். நீளவாக்கில் ஓடுவது லாங் மெம்பர். அமெரிக்கப் புத்தகங்களில் இதுவே ‘சைடு ரெயில்’. குறுக்கே நிற்பது கிராஸ் மெம்பர். இரண்டும் சந்திக்கும் மூலையில் வைக்கும் முக்கோணத் தகடு கசட். தனிச் சேஸி உள்ள எந்தப் பழைய காருக்கும் இந்த மூன்றும் மாறாமல் பொருந்தும். அச்சின் மேல் இடம் விடுவதற்காக லாங் மெம்பர் மேல்நோக்கி வளையும் இடத்துக்கு மட்டும் கார்களில் ‘கிக் அப்’ என்று தனிப்பெயர் உண்டு. முன்பக்கம் விபத்துக்குள்ளான வண்டியில் முதலில் மடிப்பு விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

உங்களுக்குத் தெரிந்த இன்னும் இரண்டு சொற்களைக் கார்க்காரர்கள் பயன்படுத்தத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும். சி வடிவச் சட்டத்தின் நிமிர்ந்த முதுகு ‘வெப்’. மேலும் கீழும் மடிந்த இரு உதடுகள் ‘பிளாஞ்ச்’. சட்டம் பாரத்தால் வளையும்போது அழுத்தமும் இழுவையும் மிக அதிகமாக விழுவது பிளாஞ்சில். லாரி நிறுவனங்கள் தங்கள் பாடி கட்டும் குறிப்பேடுகளில் பிளாஞ்சில் துளை போடக் கூடாது, பற்றவைக்கக் கூடாது என்று எழுதுவது இதனால்தான். ஆனால் பழைய காருக்கு விளக்குத் தாங்கியோ ஹார்ன் தாங்கியோ மாட்டுபவர்கள், கைக்கு எட்டுகிறது என்பதற்காகவே மேல் பிளாஞ்சில் துளை போட்டுவிடுகிறார்கள். ‘பிரேமில் ஒரு ஓட்டை’ என்று பொதுவாகச் சொன்னால் இது கண்ணுக்குத் தெரியாது; ‘மேல் பிளாஞ்சில் ஓட்டை’ என்று சொன்னால் உங்களைப் போன்றவர் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

‘பாக்ஸிங்’ என்பதும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சி வடிவத்தின் திறந்த பக்கத்தில் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குவதே பாக்ஸிங். பிளந்த மூங்கிலை முறுக்குவதற்கும் முழு மூங்கிலை முறுக்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் திறந்த சட்டத்துக்கும் மூடிய சட்டத்துக்கும் உள்ளது. சட்டத்தின் உட்புறம் கூடுதல் பட்டை வைத்து வலுவாக்குவது பாக்ஸிங் ஆகாது. அது வளைவைத் தாங்க உதவும், முறுக்கத்தைத் தடுக்க அவ்வளவாக உதவாது. ஒன்றைக் கேட்டு மற்றொன்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

தளர்ந்த ரிவெட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தலையைச் சுற்றிப் பற்றவைக்காதீர்கள். ரிவெட்டை எடுத்துவிட்டுத் துளையைச் சுத்தமாக்கி, ஆட்டமில்லாமல் இறுக்கமாகப் பொருந்தும் ஹை டென்சைல் போல்ட்டைப் போடுவதுதான் முறை.

கேள்வி: அம்பாசடருக்குச் சேஸியே கிடையாது என்று ஒருவர் சொல்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் சேஸி எண் இருக்கிறதே?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் உண்மை. ஆர்.சி.யில் உள்ள ‘சேஸி எண்’ வண்டியை அடையாளம் காட்டும் எண். தனிச்சட்டம் இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை காரை அடிப்படையாகக் கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் 2014 வரை தயாரித்த அம்பாசடர், கூடு வகையைச் சேர்ந்தது. அதன் முன்பக்கத்தில் லாங் மெம்பர் போலத் தெரிவது, தரைத் தகட்டோடும் பக்கத் தகடுகளோடும் சேர்த்துப் பற்றவைத்த பெட்டிச் சட்டம். கழற்றி மாட்டக்கூடியது அல்ல. ஆகவே இந்த வண்டிக்கு ‘சேஸி மாற்றினேன்’ என்று யாராவது பில் கொடுத்தால், என்ன மாற்றினார் என்று கேட்பதில் தவறில்லை.

அம்பாசடரின் அசல் அமைப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. முன்சக்கரத்துக்குக் காயில் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் எனப்படும் முறுக்குக் கம்பி நீளவாக்கில் பின்னோக்கி ஓடி, தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கும். முன்சக்கரத்தின் பாரம் வந்து சேரும் இடம் எஞ்சின் அறையில் அல்லாமல் இருக்கைப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் குறுக்குச் சட்டத்தைச் சுற்றியுள்ள துருவை ‘தரைத் தகட்டு வேலை’ என்று எழுதிக் கடந்துவிடுவது, பெயர்க் குழப்பத்தால் நேரும் உண்மையான ஆபத்து. அது முன்சட்ட வேலை.

கேள்வி: ஏப்ரன் என்று கேட்டு வாங்கினேன், வேறு தகடு வந்தது. குற்றம் யாருடையது?
— ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: யாருடையதும் அல்ல. நம் டிங்கர்கள் ஏப்ரன் என்பது எஞ்சின் அறையின் பக்கச்சுவரை, அதாவது மட்கார்டுக்கு உள்ளே நிற்கும் தகட்டை. ஆங்கிலேயர் புத்தகங்களில் முன் ஏப்ரன் என்பது பம்பருக்குக் கீழே தொங்கும் அலங்காரத் தகடு. அதை வேலன்ஸ் என்றும் சொல்வார்கள். முன்னது கூடு வகைக் காரில் பாரம் தாங்குவது, பின்னது தாங்காதது. உட்சுவர் வேண்டுமானால் இங்கிலாந்துக்கு எழுதும்போது ‘இன்னர் விங்’ என்றும், அமெரிக்காவுக்கு எழுதும்போது ‘ஃபெண்டர் ஏப்ரன்’ என்றும் எழுதுங்கள். அதேபோல எஞ்சின் அறைக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள சுவர் இங்கிலாந்தில் பல்க்ஹெட், அமெரிக்காவில் ஃபயர்வால். ரேடியேட்டரைப் பிடித்து நிற்கும் நிமிர்ந்த சட்டம் அமெரிக்கப் பட்டியல்களில் ‘கோர் சப்போர்ட்’.

கேள்வி: எங்கள் குடும்பத்தின் பழைய மில்லில் 1959ஆம் ஆண்டு செவ்ரோலெட் இம்பாலா உள்ளது. அமெரிக்காவிலிருந்து பாகம் வரவழைக்க விசாரித்தபோது கிளிப், ஸ்டப், சப்பிரேம், டாக்ஹவுஸ் என்று நான்கு விதமாக விலை சொல்கிறார்கள். நாங்கள் எதைக் கேட்பது?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நான்கில் ‘சப்பிரேம்’ ஒன்றே கண்டிப்பான பொருள் உடையது. தொழிற்சாலையிலேயே தனியாகச் செய்து, எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் ஏற்றி, பாடியோடு போல்ட்டால் இணைத்த சட்டமே சப்பிரேம். 1967 முதல் 1969 வரையிலான கமாரோவிலும், 1959இல் வந்த ஆஸ்டின், மோரிஸ் மினி கார்களிலும் இருப்பது அது. உங்கள் இம்பாலாவில் அது கிடையாது. ஆகவே இம்பாலாவுக்குச் சப்பிரேம் இருக்கிறது என்று ஒருவர் விலை சொன்னால், வேறு வண்டியின் பாகத்தை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றே கொள்ளலாம்.

‘டாக்ஹவுஸ்’ என்பது சட்டமே அல்ல. பானெட், இரு மட்கார்டுகள், கிரில், ரேடியேட்டர் தாங்கி ஆகிய தகட்டு வேலைகள் சேர்ந்த முன்முகம் அது. நம் ஊர்ப் பழைய சாமான் கடைகளில் ‘நோஸ் கட்’ என்று விற்பதற்கு நெருக்கமானது. ‘ஸ்டப்’ என்பது, ஃபயர்வாலுக்கு அருகில் சட்டத்தை வெட்டி எடுத்த முன்பாதி, அல்லது அந்த இடத்தில் பற்றவைப்பதற்காகப் புதிதாகச் செய்து விற்கும் முன்பாதி. தொல்லை தருவது ‘கிளிப்’ தான். சிலர் தகட்டு முகத்தை மட்டும் கிளிப் என்கிறார்கள். சிலர் சட்டத்தோடு வெட்டிய முன்பாதியைக் கிளிப் என்கிறார்கள். அமெரிக்கர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. ஆகவே கிளிப் என்ற சொல்லைக் கண்டால், லாங் மெம்பர் சேர்ந்து வருகிறதா, வந்தால் எந்த இடத்தில் வெட்டியிருக்கிறது, சஸ்பென்ஷன் கைகள் இருக்கின்றனவா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வண்டிக்கு இதில் ஒரு தனிச்சிக்கலும் உண்டு. 1958 முதல் 1964 வரையிலான இம்பாலாக்களுக்கு எக்ஸ் வடிவச் சட்டம். கதவுகளுக்குக் கீழே ஓரச் சட்டமே இல்லாமல், இரு லாங் மெம்பர்களும் நடுவில் வந்து சேர்ந்து மீண்டும் பிரிகின்றன. சாதாரண ஏணிச் சட்டத்தில் ஃபயர்வாலுக்குக் கீழே இரண்டு ஓரங்களிலும் வெட்டி ஒட்டுவதுபோல இதில் செய்ய இயலாது. சட்டம் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் பற்றவைப்பு விழும். துரு எங்கே என்று முதலில் கண்டுபிடித்து, அந்தப் பாகத்தின் பெயரையே, கொம்பு என்றோ முன் கிராஸ் மெம்பர் என்றோ, எழுதிக் கேளுங்கள். ‘மஸ்டாங் 2 கிராஸ் மெம்பர்’ என்று ஒன்றை யாரேனும் பரிந்துரைத்தால், அது 1974இல் வந்த வேறொரு காரின் சஸ்பென்ஷன் வடிவத்தைப் பழைய சட்டத்தில் பற்றவைக்கும் மாற்றம் என்பதை நினைவில் வையுங்கள்; ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கலாம், ஆனால் அதன் பிறகு அது அசல் வண்டி அல்ல.

இன்னொன்று. அமெரிக்க வியாபாரி ‘டிரைவர் சைடு’ என்றால் இடது பக்கம். நமக்கு அது வலது. கொம்பு ஒன்றை மட்டும் வரவழைப்பவர்கள் எப்போதும் ‘இடது’, ‘வலது’ என்றே எழுத வேண்டும். இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்க்கும்போது எந்தக் கைப்பக்கம் என்பதே கணக்கு.

கேள்வி: விபத்துக்குள்ளான பழைய வண்டியைப் பார்த்த இன்சூரன்ஸ் சர்வேயர் ‘டயமண்ட்’ என்று எழுதியிருக்கிறார். இது என்ன பாகம்?
— ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: பாகம் அல்ல, சட்டத்துக்கு நேர்ந்த நிலை. ஒரு பக்க லாங் மெம்பர் அப்படியே பின்னோக்கித் தள்ளப்பட்டு, செவ்வகமாக இருக்க வேண்டிய சட்டம் சாய்சதுரமாகிவிட்டால் அது டயமண்ட். முன்முனை பக்கவாட்டில் ஒதுங்கினால் ‘சைடு ஸ்வே’. நடுவில் தொய்ந்தால் ‘சேக்’. நீளம் குறைந்து மடிப்பு விழுந்தால் ‘மேஷ்’. ஒரு மூலை தூக்கி எதிர்மூலை தாழ்ந்தால் ‘ட்விஸ்ட்’. தனிச் சேஸி வண்டிகளில் இந்த ஐந்தும் வெவ்வேறு விதமாக நிமிர்த்தப்படுவதால், பெயர் தவறினால் வேலையும் தவறும்.

சர்வேயர் சொன்னது சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, இரு பக்கமும் ஒன்றுபோல அமைந்த சட்டத் துளைகளிலிருந்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் முனை தொடும் இடத்தில் சாக்குக்கட்டியால் புள்ளி வையுங்கள். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு எடுத்தால் போதும். பிறகு வண்டியைத் தள்ளிவிட்டு, தரையிலுள்ள புள்ளிகளுக்கு இடையே மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். முன்கட்டத்தின் இரு மூலைவிட்டங்களும் சமமாக இருந்து, எல்லாக் கட்டங்களின் நடுப்புள்ளிகளும் ஒரே நூல்கோட்டில் விழுந்தால் டயமண்டும் இல்லை, சைடு ஸ்வேயும் இல்லை. மூலைவிட்டங்கள் மாறினால் டயமண்ட். நடுக்கோடு முன்னால் மட்டும் விலகினால் சைடு ஸ்வே. சேக், ட்விஸ்ட் ஆகியவற்றைத் தரைப்புள்ளியில் காண முடியாது. தரையிலிருந்து சட்டத்தின் உயரத்தை நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளக்க வேண்டும்.

கேள்வி: 1962ஆம் ஆண்டு காரின் முன் சேஸியில் பழுது பார்த்திருக்கிறோம். விண்டேஜ் பதிவுக்கு இது தடையாகுமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பழுது பார்த்தீர்களா, மாற்றி அமைத்தீர்களா என்பதைப் பொறுத்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவிலேயே பராமரிக்கப்படும் வண்டிதான் விண்டேஜ் வாகனம். சேஸியிலோ பாடிக் கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்த பெரிய அளவிலான வேலை நடந்திருக்கக் கூடாது என்பது அந்த வரையறையிலேயே இருக்கிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவெண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும், பழைய கார் அணிவகுப்புக்கும், எரிபொருள் நிரப்பவும், பராமரிப்புக்கும் ஓட்டலாமே தவிர, அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது.

துருப்பிடித்த அவுட்ரிகரை அதே வடிவ அவுட்ரிகராலும், மடங்கிய கொம்பை நிமிர்த்தியும் சரிசெய்வதற்கும், வேறு வண்டியின் ஸ்டப்பை வெட்டி ஒட்டுவதற்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. பட்டறை பில்லில் ‘முன் கட் மாற்றம்’ என்று எழுதியிருந்தால் படிப்பவர் இரண்டாவதையே நினைப்பார். நடந்தது என்னவோ அதையே, பாகத்தின் பெயரோடும் பக்கத்தோடும், போல்ட்டில் மாட்டியதா பற்றவைத்ததா என்ற குறிப்போடும் எழுதி வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அதோடு வையுங்கள். உண்மையிலேயே வேறு வண்டியின் முன்பாதிதான் ஒட்டப்பட்டிருக்கிறது என்றால், நல்ல பெயர் சூட்டி அதை மறைக்க முயலக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுவது உத்தமம்.

கேள்வி: பொறியியல் மாணவன் நான். இந்தப் பாகங்களை நேரில் எங்கே பார்க்கலாம்?
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். பழைய வண்டிகளில் பெயிண்டையும் பித்தளையையும் பார்த்துவிட்டு நகராமல், பம்பருக்குப் பின்னால் குனிந்து, ஸ்பிரிங் நீளவாக்கில் இருக்கிறதா குறுக்காக இருக்கிறதா, கொம்பின் முனையில் என்ன மாட்டியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுச் சட்டத்தையும் பார்க்க வேண்டுமானால் கரூருக்குப் போக வேண்டும். கண்ணாடியும் கூரையும் இல்லாத வெற்றுச் சேஸியின்மேல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓட்டுநர்கள் வந்து இறக்கும் பாடிப் பட்டறைகளில், அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே சென்றால், வெப், பிளாஞ்ச், கசட், கிராஸ் மெம்பர், ரிவெட் வரிசை அனைத்தையும் தகடு மூடுவதற்கு முன்பே தொட்டுப் பார்க்கலாம். காலை நேரத்தில் போங்கள். மதியத்துக்குப் பிறகு அந்த இரும்பில் கை வைக்க முடியாது.